பணி முறிவு நாள்

கடலூர் முதுநகர்
3.7.2005

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் கடலூர் முதுநகர் தொடங்கிக் கோரைத்திட்டு ஆரம்ப சுகாதார நிலையம் வரை வாழும் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஐஸ் பேக்டரி சிங்காரம் அவர்களின் ஏக புத்திரன் சித்தார்த், வயது பதினேழு, பிளஸ் டூ வகுப்பில் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்குத் தன் சொந்த முயற்சியால் பதவி உயர்வு பெற்றவன், மேற்படியானின் மேலுதட்டில் நேற்றுக் காலை மீசை உதயமாகியிருக்கிறது. இடப்பக்கம் ஆறு முடி, வலப்பக்கம் ஐந்து. ஆறாவது முடி குறித்து வழக்கு நிலுவையில் உள்ளது. அம்மா அதை அடுப்புக்கரி என்கிறாள். பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்.

இதை உன்னிடம் போனில் சொல்லத்தான் நினைத்தேன். உன் ஆஸ்பத்திரிக்கு நாலு முறை அடித்தேன். இணைப்பு தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று ஓர் அம்மா தேன் குரலில் சொல்கிறார். பூத்துக்கார ராமாமிர்தம் மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "டேய், அந்தம்மாகிட்ட பேசுறதுக்கா தெனம் எங்கிட்ட வர்ற, அவுங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சிடா" என்கிறார். பில் கட்டவில்லையாமே உங்கள் சர்க்கார். அதனால்தான் இந்த இன்லண்ட் லெட்டர்.

அக்கா, இந்த ஜூலையோடு உனக்கு ரெண்டு வருஷம் முடிகிறது. தொகுப்பூதியம் என்று ஒரு பேர் வைத்திருக்கிறார்களே, நானும் அதைத் தொகுத்துப் பார்த்தேன், பகுத்துப் பார்த்தேன், மிச்சம் ஒன்றும் வரவில்லை. பர்மனென்ட் நர்ஸ் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு. ஊதினால் பறந்துவிடும் என்பதால்தான் அது ஊதியம். போகட்டும், ஆகஸ்டில் ஆர்டர் வந்துவிடும். அப்பா ஐஸ் பேக்டரியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கட்டி உடைக்கிறவர், லாரி டிரைவர், ஐஸ் பார் வாங்க வருகிற படகுக்காரர் ஒருவரையும் விடவில்லை. "எம் பொண்ணு இசைவாணிக்கு ஆகஸ்ட்ல பர்மனென்ட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் ஐஸ் கட்டியையே தூக்குகிறார்.

ஆர்டர் வந்த மறுநாளே அம்மா மீன் ஆயப் போவதை நிறுத்த வேண்டும் என்று நீ சொன்னதை அம்மா மறக்கவில்லை. பெருவிரல் வெட்டு இன்னும் ஆறவில்லை. கேட்டால், "ஆவணியோட எல்லாம் ஆறிடும்டா" என்கிறாள். காயமா, காலமா என்று கேட்டேன். கரண்டியால் ஒன்று வைத்தாள்.

மீசையுடன்,
சித்து

*

கோரைத்திட்டு
12.7.2005

தம்பி சித்துவுக்கு,

உன் மீசைக்கு வாழ்த்து. முகம் கழுவிவிட்டு மறுபடி எண்ணிப் பார்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டாதே.

ஆகஸ்டில் ஆர்டர் வராது. பட்டியல் மேலே இருக்கிறது என்கிறார்கள். மேலே என்றால் எத்தனையாவது மாடி என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு வருஷத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டுகிறார்கள். அதை நீட்டுகிற விதத்தையும் சொல்கிறேன். நீ விஷயம் தெரிந்தவன் மாதிரி பேசுகிறாய், தெரிந்துகொள்.

வருஷம் முடிகிற அன்றோடு எங்களை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாள் இடைவெளி விடுவார்கள். அதற்கு மறுநாள் புதிதாகச் சேர்ந்தது போல எழுதிக்கொள்வார்கள். இதற்குப் பணி முறிவு என்று பேர். தொடர்ச்சியாக வேலை செய்தோம் என்று நாளைக்கு நாங்கள் கேட்டுவிடக் கூடாது, அதற்காக. எனக்கு ஆகஸ்டு ஒன்று. என்னோடு வேலை செய்யும் கயல்விழிக்கு இரண்டு.

இங்கே மூன்று நர்ஸ் இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேர். டாக்டரை வாரத்தில் மூன்று நாள் வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பணி முறிவு என்று நான் வீட்டில் உட்கார்ந்தால் கயல் இருபத்து நாலு மணி நேரமும் தனியாக நிற்க வேண்டும். அதனால் போன வருஷமே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். என் நாளில் நான் வழக்கம்போல வேலை பார்ப்பேன், ரிஜிஸ்டரில் அவள் கையெழுத்துப் போடுவாள். அவள் நாளில் அவள் பார்ப்பாள், நான் போடுவேன். டாக்டருக்குத் தெரியும். ஆயா ஞானாம்பாளுக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

சுனாமிக்குப் பிறகு ரத்தம் வைக்கிற பிரிட்ஜ் ஒன்று வந்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா. இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. அதற்கு வேண்டிய மின்சார லைன் இல்லை. அதன் மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நல்ல உயரம். ஜீப்பும் நிற்கிறது. டிரைவர் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆயிற்று, புது ஆள் போடவில்லை.

அம்மாவைக் கையில் உறை போட்டுக்கொண்டு மீன் ஆயச் சொல். நாலு ஜோடி அனுப்பலாம் என்று பார்த்தேன். இங்கேயே தீர்ந்துவிட்டது.

இசைவாணி

*

கடலூர் முதுநகர்
20.7.2005

அக்கா,

எலும்பு முறிவு கேள்விப்பட்டிருக்கிறேன். மண முறிவு பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. பணி முறிவு இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஊருக்கெல்லாம் கட்டுப் போடுகிறவளுக்கு இந்த முறிவுக்கு யார் மாவுக்கட்டு போடுவது?

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பயப்படாதே, வேறு மாதிரி படித்தேன். "பட்டியல் மேலே இருக்கிறது" என்பதை, "பட்டியலில் மேலே இருக்கிறேன்" என்று வாசித்தேன். அப்பா அன்று ஒரு ஐஸ் கட்டி அதிகமாகத் தூக்கியிருப்பார்.

எனக்கு ஒரு யோசனை. ஆகஸ்டு ஒன்றாம் தேதி நீ நர்ஸ் இல்லை. சர்க்காரே எழுதிக் கொடுத்துவிட்டது. ரெண்டு வருஷத்தில் உனக்குக் கிடைக்கிற ஒரே விடுமுறை. வந்துவிடு. திங்கள்கிழமை, நான் பள்ளிக்கூடத்துக்குப் பணி முறிவு கொடுக்கிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு சில்வர் பீச் போவோம். அம்மா நெத்திலிக் குழம்பு வைக்கிறேன் என்கிறாள். நீ வந்தால் போதும். வராவிட்டால் நானே அங்கு வந்து வயிற்று வலி என்று படுத்துவிடுவேன், பிரசவ வார்டில்.

சித்து

*

கோரைத்திட்டு
9.8.2005

சித்து,

நான் வராததற்கு அம்மா கோபித்துக்கொண்டிருப்பாள். நெத்திலியை வாங்கி வைத்திருந்தாளா.

வரத்தான் இருந்தேன். பையில் துணி எடுத்து வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கயல்விழி ஊரில், காடாம்புலியூரில், ஆடிக்கூழ் ஊற்றினார்கள். அவள் சனிக்கிழமையே போனாள். போகும்போதே திங்கட்கிழமைக்கும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அக்கா, காலைல மொத பஸ்ஸுக்கு வந்துடுறேன், நீ கெளம்பு" என்றாள். மொத பஸ்ஸில் வரவில்லை. அவள் குழந்தைக்குக் காய்ச்சல். பத்து மணிக்கு ஒரு பெண்ணை வலியோடு கொண்டுவந்தார்கள். பையை உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

ஒன்றரை மணிக்குப் பெண் குழந்தை. நல்ல எடை. உடனே அழுதது. நஞ்சுக்கொடி முழுதாக வந்தது, நான் பார்த்தேன், முழுதாகத்தான் வந்தது. ஆனால் கர்ப்பப்பை இறுகவில்லை. ரத்தம் நிற்கவில்லை. பெட்டியில் இரண்டு ஊசி இருந்தது. இரண்டையும் போட்டேன். ஞானாம்பாள் மூன்றாவது ஊசிக்கு அலமாரி முழுக்கத் தேடினாள். இல்லை என்று அவளுக்கும் தெரியும். டாக்டருக்கு அது வேறு ஊர் போகிற நாள். போன் இல்லை. பெண்ணின் புருஷன் ரோட்டுக்கு ஓடி இறால் பண்ணை மினி லாரி ஒன்றை மறித்துக் கொண்டுவந்தான். பின்னால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதில் படுக்க வைத்து, வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். "அக்கா, கொழந்தைக்குப் பாலு குடுத்தாங்களா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சிதம்பரம் கோபுரம் தெரிந்த பிறகு கேட்கவில்லை.

நான் கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள்தான் என் கையை எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் பேரை மேலே எழுதி எழுதி அடித்திருக்கிறேன். எழுத வரவில்லை. இருபத்து மூன்று வயது.

இசைவாணி

*

கடலூர் முதுநகர்
14.8.2005

அக்கா,

நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு வேறு மாதிரி எழுத வராது என்பது இப்போதுதான் தெரிகிறது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாற்றிப் படிக்க முடியவில்லை. அம்மா மாதா கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஷிப்ட் அவருக்கு மறுநாள்தான்.

எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. கேட்கலாமா என்றும் தெரியவில்லை. அன்றைக்கு நீ நர்ஸ் இல்லை அல்லவா. அப்படியென்றால் உன்னை ஏதாவது சொல்வார்களா?

சித்து

*

சிதம்பரம்
5.9.2005

சித்து,

உன் கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள்.

மேலே இருக்கும் முகவரியைப் பார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கூடப் படித்த ஒருத்தியின் அறையில் இருக்கிறேன். விசாரணை முடியும்வரை வேலை இல்லை, சம்பளமும் இல்லை.

மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய டாக்டரம்மா வந்தார். நல்லவர்தான். கத்தவில்லை. ரிஜிஸ்டரை விரித்து, "இது கயல்விழி கையெழுத்து. கயல்விழி அன்னைக்கு ஊர்லயே இல்ல. அப்ப யாரு பாத்தது?" என்றார்.

"நான் பாத்தேம்மா."

"நீ அன்னைக்கு ஸ்டாஃபே இல்லியேம்மா. உள்ள என்ன பண்ண?"

"பிரசவம் பாத்தேன்."

"யாரு சொல்லி?"

"வலி வந்துதும்மா."

அவர் பேனாவை மூடினார். பிறகு திறந்து எழுதினார்.

கயல்விழியைக் கையெழுத்துப் போடச் சொன்னது நான் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு இரண்டு குழந்தைகள், புருஷன் வீட்டில் இல்லை. டாக்டர் எனக்கு எதுவும் தெரியாது என்றார். ஞானாம்பாள் மட்டும் எல்லோருக்கும் தெரியும் என்றாள். ஆயா சொல்வதை யார் எழுதுகிறார்கள்.

ஜீப்பைப் பற்றிக் கேட்பார்கள் என்று இருந்தேன். எத்தனை கடிதம் போட்டோம், எந்தத் தேதியில் போட்டோம் என்று ஒரு தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். கேட்கவில்லை. ஊசி ஏன் இரண்டுதான் இருந்தது என்றும் கேட்கவில்லை. அந்தப் பிரிட்ஜ் மேல் வைத்துத்தான் என் வாக்குமூலத்தை எழுதினார்கள்.

போகும்போது டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டு, "ஊர்ல உன் மேல கோவம் இல்லன்னு தெரிஞ்சா, நான் ஏதாவது பாத்து எழுதலாம். அவுங்க வந்து சொல்லணும்" என்றார். நான் எப்படிப் போய்க் கேட்பது. இரண்டு வருஷத்தில் நூற்று அறுபத்தேழு பிரசவம் பார்த்தேன். அந்த ஒரு வீட்டைத் தாண்டி மற்ற எந்த வீட்டுக்கும் போக முடியவில்லை.

அம்மாவிடம் நான் சாப்பிடுகிறேன் என்று சொல்.

இசைவாணி

*

கடலூர் முதுநகர்
20.9.2005

மாண்புமிகு அக்கா அவர்களுக்கு,

எழுந்து நில். கைதட்டு. உன் தம்பி சாதித்துவிட்டான்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. சிதம்பரத்தில் உன்னைப் பார்த்தால் தடுத்துவிடுவாய் என்று உன்னிடமும் சொல்லவில்லை. நேராகக் கோரைத்திட்டு. கையில் மனு, நானே எழுதியது: "கீழே கையொப்பமிட்டுள்ள கோரைத்திட்டுப் பொதுமக்களாகிய நாங்கள்" என்று ஆரம்பித்து, ஜீப், பிரிட்ஜ், போன், ஊசி ஒன்றையும் விடவில்லை. நீ தயாராக வைத்திருந்த தாளை யாரும் கேட்கவில்லை அல்லவா, நான் கேட்க வைத்திருக்கிறேன்.

நாற்பது வீடு அக்கா. நாற்பது கையெழுத்து. பதின்மூன்று டீ, ஒரு மோர், ஒரு வெள்ளை நாய் கால் மைல் துரத்தியது. யார் மகன், யார் தம்பி என்று சொன்னவுடன் உள்ளே வா உள்ளே வா என்று இழுக்கிறார்கள். ஆண்டி என்று ஒரு பெரியவர், "எம் பேத்திய மொதமொத வாங்குன கை அந்தப் பொண்ணு கை, எங்க போடணும் சொல்லு" என்று பேனாவைப் பிடுங்கினார். ரத்தினம்மாள் என்று ஒரு அம்மா அழுதேவிட்டார். "அந்தப் பொண்ணு கை பட்டா வலி பாதி போயிடும்பா, அதுக்கா இந்தத் தண்டனை" என்றார். உன் மேல் கோபம் ஒருவருக்கும் இல்லை. ஒருவருக்கும்.

நேற்றுத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்துவிட்டேன். ரசீது வாங்கிவிட்டேன். இனி என்னை மனு மன்னன் என்று அழைக்கலாம். மன்னன் மனுப் போட்டால் மறுப்பேது.

வீட்டுக்கு வா. அப்பா உன்னிடம் பேசுவார். என்ன பேசுவதென்று தெரியாமல்தான் இருக்கிறார்.

சித்து

*

சிதம்பரம்
28.9.2005

தம்பி,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆயிற்று. எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

எனக்குத் தெரியாமல் போனதற்குத் திட்ட வேண்டும். முடியவில்லை. ரத்தினம்மாளை எனக்கு ஞாபகம் வரவில்லை. பிரசவத்துக்கு வருகிறவர்கள் பேரை விட முகம்தான் நிற்கும். எந்தத் தெரு என்று எழுது. மருமகளுக்குப் பார்த்தேனா, மகளுக்கா? "வலி பாதி போயிடும்" என்று அப்படியேவா சொன்னார்கள்? நீ கொஞ்சம் சேர்த்து எழுதுகிறவன். சேர்த்திருந்தாலும் பரவாயில்லை.

நேற்று இரண்டு வேளை சாப்பிட்டேன். உன் கடிதம் என் பையில் இருக்கிறது.

இசைவாணி

*

சிதம்பரம்
28.10.2005

சித்து,

ரத்தினம்மாள் எந்தத் தெரு என்று கேட்டேன். நீ பதில் போடவில்லை. இனி வேண்டாம், நானே போகிறேன்.

திங்கட்கிழமை விசாரணைக்குக் கடலூருக்குக் கூப்பிட்டார்கள். ஆபீஸ் இருக்கும் மஞ்சக்குப்பத்திலிருந்து நம் வீட்டுக்கு அரை மணி நேரம்தான். வராமல் திரும்பிவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே.

உன் மனு மேஜை மேல் இருந்தது. எதிரில் காத்தவராயன் நின்றான், அந்தப் பெண்ணின் புருஷன். டாக்டரம்மா மனுவைத் திருப்பி அவனிடம் காட்டி, இருபத்து மூன்றாவது பேரைப் படிக்கச் சொன்னார். புஷ்பவள்ளி. அதற்கு நேரே ஒரு கைநாட்டு.

அந்தப் பெண்ணின் பேர் புஷ்பவள்ளி. உனக்கு நான் எழுதாமல் விட்ட பேர் அதுதான்.

காத்தவராயன் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு, "இது எம் பொண்டாட்டி பேரு சார்" என்றான். டாக்டரம்மாவைத்தான் சார் என்றான். "ஆனா அவ கைநாட்டு வெக்க மாட்டா. எட்டாவது படிச்சவ. ரேஷன் கடையிலகூடக் கையெழுத்துதான் போடுவா." அதையே இரண்டு மூன்று முறை சொன்னான். செத்தவள் எப்படி வைப்பாள் என்று அவன் கேட்கவில்லை. அவளுக்குக் கைநாட்டு வைத்தது யார் என்றுதான் கேட்டான். என் பக்கம் திரும்பி, "நீங்கதான அவ பேர எழுதிக்கினீங்க. கையெழுத்துப் போட்டாளே, பாத்தீங்கல்ல" என்றான். பார்த்தேன். அட்மிஷன் தாளில் வலியோடு போட்டாள். பாத்தேன் என்றேன்.

மற்ற முப்பத்தொன்பது பேரை யாரும் விசாரிக்கவில்லை. அந்த ஒன்று போதும் என்றார்கள். பொய் மனு என்று ஃபைலில் எழுதிவிட்டார்கள். ஒப்பந்தம் ரத்து. பட்டியலிலிருந்து பேரை எடுத்தாயிற்று. ஜீப் பற்றி நீ எழுதியதும் அதே பொய் மனுவில்தான் இருக்கிறது.

வேலை போனது பெரிதில்லை. இங்கே ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்துவிட்டேன். கோரைத்திட்டில் வாங்கியதில் பாதி. வருகைப் பதிவு கிடையாது.

ஆனால் அந்தக் கைநாட்டை என்னால் தாண்ட முடியவில்லை. முப்பத்தொன்பது பேர் எனக்காகப் போட்டார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒருவர் மட்டும், நீதான் கொன்றாய் என்று சொல்லத் தெரியாமல், செத்தவள் பேரில் விரலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூட இப்படி இருக்காது. யார் என்று முகம் முகமாக யோசிக்கிறேன். நேற்று ஒரு ஊசியைக் கீழே போட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு வரமாட்டேன். ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கோரைத்திட்டு போகிறேன். முதலில் ரத்தினம்மாளைப் பார்ப்பேன், அவர்கள் சொல்வார்கள் யாரென்று. பிறகு காத்தவராயன் வீட்டுக்கு. காலில் விழச் சொன்னால் விழுவேன்.

இசைவாணி

*

கடலூர் முதுநகர்
2.11.2005

அக்கா,

போகாதே. இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வர வேண்டும் என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். போகாதே.

அந்தக் கைநாட்டு என்னுடையது. இடது கைப் பெருவிரல்.

அது மட்டுமில்லை. நாற்பதும் என்னுடையதுதான். கோரைத்திட்டில் யாரும் எந்தத் தாளிலும் எதையும் போடவில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் வாக்காளர் பட்டியல் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பேர் எழுதிக்கொண்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விதவிதமாகக் கையெழுத்துப் போட்டேன். சாய்த்து, நேராக, நடுங்கினாற்போல. இருபது தாண்டியதும் என்னிடம் எழுத்து தீர்ந்துவிட்டது. பேனா மையை விரலில் தடவிக் கைநாட்டாக வைத்தேன். புஷ்பவள்ளி என்ற பேரைப் பார்த்ததும் நம் அம்மா மாதிரி ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் வயது இருந்தது, புருஷன் பேர் இருந்தது. அதைப் படிக்கவில்லை, பேரை மட்டும் பார்த்துக்கொண்டே இறங்கினேன். நீ அடித்து வைத்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதையும் செய்யவில்லை.

எட்டாவது படித்த ஒருத்தியை நான் கைநாட்டு ஆக்கிவிட்டேன். அவர் கேட்டாரே, யார் வைத்தது என்று. நான்தான் என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். வரும் திங்கட்கிழமை மறுபடி குறைதீர் கூட்டத்துக்குப் போகிறேன், என் பேரில், என் கையெழுத்தில், இதையெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். அதனால் உன் பேர் பட்டியலுக்குத் திரும்பி வராது என்று ராமாமிர்தம் மாமா சொல்கிறார். பொய் மனு கொடுத்தவன் நர்ஸின் தம்பி என்று தெரிந்தால் இன்னும் மோசமாகத்தான் ஆகுமாம். இருந்தாலும் கொடுக்கிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

உன்னை யாரும் அப்படிச் சபிக்கவில்லை அக்கா. அதை நீ நம்ப வேண்டும். ஆனால் அதை நம்பினால் மற்றதையும் நம்ப வேண்டியிருக்கும். ரத்தினம்மாள் அழவில்லை. ரத்தினம்மாள் யாரென்றே எனக்குத் தெரியாது. அந்த அம்மா சொன்னதாக எழுதியதை நான்தான் யோசித்து எழுதினேன், எழுதிவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆண்டியும் பட்டியலில் இருந்த பேர்தான். நாய்கூடத் துரத்தவில்லை. அந்தக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துவிடு. நீ இரண்டு வேளை சாப்பிட்டேன் என்று எழுதியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் பதில் போடவில்லை.

நான் வீடு வீடாகப் போகத்தான் இறங்கினேன். அது சத்தியம். பஸ் நின்ற இடத்துக்கு எதிரே முதல் வீடு. வாசல் வேப்பமரத்தில் தூளி கட்டியிருந்தது. ஒரு ஆள் அதை ஆட்டிக்கொண்டே, ஒரு கையால் பாலாடையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "யாரு வேணும் தம்பி" என்றார். கையில் மனு இருந்தது. அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துவிட்டு, "தண்ணி வேணும்ணே" என்றேன். சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை நின்றார். அவர் பேரை நான் கேட்கவில்லை.

"எந்த ஊரு, ஆஸ்பத்திரி நர்ஸம்மாவப் பாக்க வந்தியா? அவுங்க இப்ப இங்க இல்லியே" என்றார்.

நான் சொன்னதைச் சொல்கிறேன். நாற்பது வீட்டில் உனக்காகப் பேசினேன் என்று எழுதினேன் அல்லவா. பேசியது அந்த ஒரு ஆளிடம்தான்.

"இல்லண்ணே, பரங்கிப்பேட்டை. எனக்கு அவுங்கள யாருன்னே தெரியாது."

சித்தார்த்